ஈரம் படாத சில நிமிடங்கள்: குழந்தைகளின் சொத்தைப் பல்லும் வெள்ளை ஃபில்லிங்கும்

பல் நிறத்தில் போடப்படும் ஃபில்லிங்கைக் கெடுக்க ஒரு துளி எச்சில் போதும். குழந்தையின் கடைவாய்ப் பல்லைச் சுத்தம் செய்து, அமிலம் தடவிக் கழுவி, உலர்த்தி வைத்திருக்கிறார் மருத்துவர். அந்த நொடி பார்த்துக் குழந்தை நாக்கைப் புரட்டுகிறது. எச்சில் பல்லின்மேல் படுகிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதைப் பொருட்படுத்தாமல் மேலே அடைத்துவிட்டாலும் ஃபில்லிங் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். சில மாதங்கள் கழித்து அதன் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டின் வழியே கிருமி உள்ளே இறங்கும். வெள்ளை அடைப்புக்குக் கீழே புதிதாகச் சொத்தை வளரத் தொடங்கும்.

பிள்ளைக்குப் பல் அடைக்க அழைத்து வரும் பெற்றோர் பலரும் முதலில் கேட்பது, “வெள்ளையாக இருக்குமா, வெளியே தெரியாமல் இருக்குமா?” என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். சிரிக்கும்போது வாயில் கறுப்பாகத் தெரிவதை எந்தக் குழந்தை விரும்பும்? என்றாலும் நிறம் இந்த ஃபில்லிங்குக்குக் கூடுதல் சிறப்பு மட்டுமே. பல்லோடு ஒட்டிக்கொள்வதே அதன் உயிர். எந்தப் பல்லுக்கு அது பொருந்தும், எந்தக் குழந்தைக்குப் பொருந்தாது, ஏன் சிலருக்குப் பல ஆண்டுகள் நிற்கிறது, ஏன் சிலருக்கு ஆறே மாதத்தில் பெயர்ந்துவிடுகிறது என்ற எல்லாமே அந்த ஒட்டுதலைப் பொறுத்தவை.

சொத்தை எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல்லின்மேல் படியும் மெல்லிய படலத்தில் வாழும் நுண்ணுயிரிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அங்கே அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஹெச் அளவு (அமிலம் கூடக் கூட இந்த எண் குறையும்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான வெளியுறையான எனாமலிலிருந்து தாது உப்புகள் கரைந்து வெளியேறும். சாப்பிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுவில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இந்த வரவு செலவு நாள் முழுக்க நடக்கிறது. அடிக்கடி இனிப்பைச் சுவைத்துக்கொண்டே இருக்கும் வாயில் செலவு வரவை மிஞ்சிவிடுகிறது. முதலில் ஈறு ஓரமாகச் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். அந்தக் கட்டத்தில் ஃப்ளூரைடும் ஒழுங்கான பல் துலக்கலும் போதும். அடைக்க வேண்டிய தேவையே வராது. மேற்பரப்பு உடைந்து குழி விழுந்த பிறகுதான் ஃபில்லிங்கைப் பற்றிய பேச்சு. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வாய்நல அறிக்கை, பால் பல்லில் சொத்தையுள்ள குழந்தைகள் உலகெங்கும் சுமார் 51.4 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது.

“விழப்போகிற பல்தானே, அதற்கு எதற்கு இவ்வளவு வைத்தியம்?” என்பது எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. எந்தப் பல் எப்போது விழும் என்பதைப் பார்த்தால் பதில் தானாகக் கிடைக்கும். பால் பற்கள் மொத்தம் இருபது. முன்பற்கள் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் விழுந்துவிடும். பின்னால் இருக்கும் இரண்டாம் கடைவாய்ப் பால் பல்லோ பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியது. நான்கு வயதில் அந்தப் பல்லில் குழி விழுந்தால், இன்னும் ஆறேழு ஆண்டுகள் அந்தக் குழந்தை அதைக் கொண்டுதான் மென்று தின்ன வேண்டும். அந்த ஆறேழு ஆண்டுகள் அதற்கு இதுவரை வாழ்ந்த வாழ்நாளைவிட நீளமானவை.

இன்னொன்றும் இருக்கிறது. சுமார் ஆறு வயதில் பால் பற்களின் வரிசைக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். அதற்கு வழிகாட்டி நிறுத்துவது முன்னால் நிற்கும் பால் பல்தான். அந்தப் பால் பல்லைப் பிடுங்கிவிட்டாலோ சொத்தையில் அதன் பக்கவாட்டுச் சுவர் கரைந்து சுருங்கினாலோ, பின்னால் வரும் பல் முன்னோக்கி நகர்ந்து, அடியில் காத்திருக்கும் நிரந்தரப் பல்லுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு கோணலாக முளைப்பதைப் பார்த்துக் கவலைப்படுகிறோம். சொத்தை வேர்வரை போய்ச் சீழ் கட்டினால், அந்தத் தொற்று கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலையே பாதிக்கக்கூடும். வலியால் உறக்கமும் சாப்பாடும் கெடும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பால் பல்லின் உடலமைப்பு இந்த அவசரத்தைக் கூட்டுகிறது. அதன் எனாமல் நிரந்தரப் பல்லின் எனாமலில் ஏறக்குறைய பாதித் தடிமன்தான், சுமார் ஒரு மில்லிமீட்டர். உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் பற்கூழ், பல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. அதன் முனைகள் மேற்பரப்புக்கு மிக அருகில் எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் வெளியே கடுகளவு குழி தெரியும்போது உள்ளே சொத்தை பாதி தூரம் கடந்திருக்கலாம். இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடும் இடம் பால் பற்களில் தட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அந்த இடுக்கில் பிரஷ் நுழையாது. அங்கே தொடங்கும் சொத்தை கண்ணுக்குத் தெரியாமல் பக்கவாட்டில் குடைந்துகொண்டே போகும். மேலே பார்த்தால் பல் முழுதாக இருக்கும். ஓரத்தில் மட்டும் சாம்பல் நிழல் ஒன்று தெரியும். இரண்டு பற்களுக்கு நடுவே உணவு சிக்குகிறது என்று பிள்ளை சொன்னால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. சிறிய எக்ஸ்ரே ஒன்று எடுத்தால் நிலைமை தெரிந்துவிடும்.

இப்போது ஒட்டுதலுக்கு வருவோம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல் மருத்துவம் நம்பியிருந்தது வெள்ளி ஃபில்லிங்கை. ஏறக்குறைய பாதி பாதரசமும் மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு முதலியவையும் சேர்ந்த கலவை அது. உறுதியானது, ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் பல்லோடு ஒட்டாது. அது கழன்று விழாமல் இருக்கக் குழியை அடியில் அகலமாகவும் வாயில் குறுகலாகவும், ஒரு பானையைப் போலக் குடைய வேண்டும். அதற்காகச் சொத்தை இல்லாத நல்ல பகுதியையும் வெட்டி எடுக்க நேரும். பெரியவர் பல்லில் அந்த இழப்பைத் தாங்கலாம். ஒரு மில்லிமீட்டர் எனாமலை வைத்துக்கொண்டிருக்கும் பால் பல்லில் அது பெரிய இழப்பு.

அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் புவனகோர் 1955-ல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வுக் கட்டுரை இந்தக் கணக்கை மாற்றியது. உலோகப் பரப்பில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க, தொழிற்சாலைகளில் முன்கூட்டியே பாஸ்பாரிக் அமிலம் தடவுவது வழக்கம். அதையே பல்லில் செய்து பார்த்தால் என்ன என்று அவர் யோசித்தார். அமிலம் பட்ட எனாமலின் மேற்பரப்பு நுண்ணிய துளைகளும் மேடுகளுமாகச் சொரசொரப்பாகிறது. அந்தத் துளைகளுக்குள் திரவமாக இறங்கும் பிசின் உள்ளேயே இறுகினால், ஆயிரக்கணக்கான சிறு வேர்கள் ஊன்றியது போலப் பல்லைப் பற்றிக்கொள்ளும். அடுத்து ரஃபேல் போவன் உருவாக்கிய புதுவகைப் பிசினுக்கு 1962-ல் காப்புரிமை கிடைத்தது. அதில் கண்ணாடித் துகள்களைக் கலந்து செய்ததுதான் இன்று காம்போசிட் என்று அழைக்கப்படும் பல் நிறப் பொருளின் மூலவடிவம். ஒட்டும் பொருள் வந்துவிட்டதால் பானை போலக் குடையும் தேவை போயிற்று. சொத்தையை மட்டும் எடுத்தால் போதும் என்றாயிற்று. குழந்தைகளின் பல்லுக்கு இந்தப் பொருள் செய்த பெரிய உபகாரம் இதுவே என்று நினைக்கிறேன். வெள்ளை நிறம் அதற்கு அடுத்ததுதான்.

கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்றை அடைப்பதை அருகிலிருந்து பார்ப்போம். ஈறு மரத்துப்போக முதலில் ஜெல் தடவி, பிறகு ஊசி போடுகிறார்கள். மெல்லிய ரப்பர் திரை ஒன்றில் துளையிட்டு, அதன் வழியே அந்தப் பல்லை மட்டும் வெளியே எடுத்து, சிறிய கவ்வியால் திரையைப் பல்லோடு பிடித்து நிறுத்துகிறார்கள். எச்சிலும் நாக்கும் திரைக்கு அந்தப் பக்கம். உலர்ந்த பல் ஒன்று மட்டும் இந்தப் பக்கம். மழைக்கோட்டு போட்ட பல் என்று சொன்னால் பிள்ளைகள் ஒத்துழைக்கிறார்கள். சொத்தையின் மென்மையான பகுதியைச் சுரண்டி எடுக்கிறார்கள். முன்பெல்லாம் கறை துளியும் இல்லாமல் எடுப்பதுதான் முறை. இன்று ஓரங்களை முழுக்கச் சுத்தம் செய்துவிட்டு, பற்கூழுக்கு மிக அருகில் இருக்கும் கடைசி அடுக்கை மட்டும் தொடாமல் விடுவதை மருத்துவர்கள் ஏற்கிறார்கள். மேலே இறுக மூடிவிட்டால் கீழே எஞ்சிய கிருமிகளுக்கு உணவு கிடைக்காது. சொத்தை அங்கேயே அடங்கிவிடும். நரம்பைத் திறந்துவிடும் ஆபத்தும் குறையும். இந்த முறை நிற்பதும் ஓரம் கசியாமல் ஒட்டுவதை நம்பித்தான்.

பக்கத்துப் பல்லைத் தொடும் சுவர் உடைந்திருந்தால் மெல்லிய உலோகப் பட்டை ஒன்றைச் சுற்றி, மரத்தாலான சிறு ஆப்பு ஒன்றை இடுக்கில் செருகுகிறார்கள். நீலமோ பச்சையோ நிறமுள்ள அமில ஜெல் பதினைந்து இருபது நொடி பல்லில் இருக்கிறது. கழுவி உலர்த்தியதும், பளபளப்பாக இருந்த எனாமல் பனி படர்ந்த கண்ணாடி போல மங்கலான வெண்மைக்கு மாறுகிறது. அமிலம் வேலை செய்ததற்கு அதுதான் அடையாளம். ஒட்டும் திரவம் தடவி நீல ஒளியைக் காட்டுகிறார்கள். பிறகு காம்போசிட்டை இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒளி காட்டி இறுக்குகிறார்கள். மொத்தமாக அப்பினால் ஒளி அடிவரை எட்டாது. மேலும், இறுகும்போது இந்தப் பொருள் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். சிறு அடுக்குகளாக வைத்தால் அந்தச் சுருக்கத்தின் இழுவிசை குறையும். வழக்கமாக இதெல்லாம் அரை மணிக்குள் முடிகிற வேலை. அதில் ஈரம் படாமல் கழிய வேண்டிய சில நிமிடங்கள்தான் ஃபில்லிங்கின் ஆயுளை முடிவு செய்கின்றன.

அந்தச் சில நிமிடங்கள் ஒரு மூன்று வயதுக் குழந்தையிடம் கிடைக்குமா? பல நேரம் கிடைக்காது. அழுகிற, உதைக்கிற, நொடிக்கொரு தரம் வாயை மூடுகிற குழந்தைக்குக் காம்போசிட் போட்டே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் பயனில்லை. அங்கே கைகொடுப்பது கிளாஸ் அயனோமர் என்ற இன்னொரு பல் நிறப் பொருள். லண்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கி 1970-களின் தொடக்கத்தில் அறிவித்தது இது. பல்லில் இருக்கும் கால்சியத்தோடு இது வேதி முறையிலேயே பிணைந்துகொள்கிறது. சிறிதளவு ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஃப்ளூரைடையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடும். குறை என்னவென்றால் தேய்மானம் அதிகம். இரண்டு பற்களுக்கு நடுவே பெரிய சுவரைக் கட்டியெழுப்பினால் உடைந்துவிடக்கூடும். நிறமும் காம்போசிட்டைப் போல அச்சாகப் பொருந்தாது, சற்று மங்கலாக இருக்கும். பிசின் கலந்த கிளாஸ் அயனோமர் பின்னாளில் வந்தது. அது ஒளியில் இறுகும், பழையதைவிட வலுவானது. பால் பற்களின் நடுத்தரக் குழிகளுக்கு நல்ல தேர்வு.

மின்சாரமோ டிரில்லோ இல்லாமல் கைக்கருவிகளால் மட்டும் சொத்தையைச் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமரால் மூடும் முறை 1980-களில் தான்சானியாவில் தொடங்கியது. டிரில்லின் சத்தத்துக்கே நடுங்கும் குழந்தைகளுக்கு எங்கேயும் அது உதவுகிறது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கிளாஸ் அயனோமரைச் சேர்த்தது. ஆகவே உங்கள் குழந்தைக்கு மருத்துவர் இதைப் பரிந்துரைத்தால், மட்டமான பொருளைத் தலையில் கட்டுகிறார் என்று எண்ண வேண்டாம். குழந்தை எவ்வளவு நேரம் ஒத்துழைக்கும் என்பதைப் பார்த்து எடுத்த முடிவாக அது இருக்கலாம்.

வெள்ளி ஃபில்லிங்கைப் பற்றிய பயத்தையும் இங்கே நேராகப் பேசிவிட வேண்டும். குழந்தைகளிடம் வெள்ளி ஃபில்லிங்கையும் பல் நிற ஃபில்லிங்கையும் ஒப்பிட்டு அமெரிக்காவிலும் போர்ச்சுகலிலும் தலா ஐந்நூறு குழந்தைகளுக்கு மேல் வைத்துப் பல ஆண்டுகள் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2006-ல் வெளியாயின. அறிவுத்திறனிலும் நரம்பு மண்டலத்தின் செயல்பாட்டிலும் வெள்ளி ஃபில்லிங் கெடுதல் செய்ததாக அவை காணவில்லை. மறுபடி சரிசெய்யவோ மாற்றவோ நேர்ந்தது பல் நிற ஃபில்லிங்குகளில்தான் அதிகம். எனினும் பாதரசம் மண்ணிலும் நீரிலும் சேர்ந்து சுற்றுச்சூழலைக் கெடுக்கிறது என்பதில் ஐயமில்லை. 2017-ல் நடைமுறைக்கு வந்த, பாதரசம் பற்றிய சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை வெள்ளி ஃபில்லிங்கின் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜூலையிலிருந்து பால் பற்களிலும் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களிடமும் அதைக் கட்டுப்படுத்தியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-ல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கூடியவரை தவிர்க்கச் சொன்னது. அதோடு, நல்ல நிலையில் இருக்கும் பழைய வெள்ளி ஃபில்லிங்கை அகற்ற வேண்டாம் என்றும் சொன்னது. அந்தப் பின்பகுதி பலர் காதில் விழுவதில்லை. நிறத்துக்காகவோ பயத்துக்காகவோ உறுதியாக நிற்கும் ஃபில்லிங்கைத் தோண்டினால், அதோடு கொஞ்சம் பல்லும் போகும். தோண்டும்போது பாதரச ஆவியும் கூடுதலாக வெளிவரும்.

பல் நிற ஃபில்லிங்கால் ஆகாத இடங்களும் உண்டு. கடைவாய்ப் பால் பல்லின் இரண்டு மூன்று பக்கங்கள் கரைந்துபோயிருந்தால், ஒட்டிக்கொள்ள எனாமலே மிஞ்சியிருக்காது. அங்கே ‘கேப்’ என்று எல்லோரும் சொல்லும் எஃகு உறையே நம்பகமானது. பளிச்சென்று உலோகமாகத் தெரிவதால் பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் ஒரு முறை மாட்டினால் பெரும்பாலும் பல் விழும்வரை அப்படியே இருக்கும். ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நார்னா ஹாலின் பெயரால் வழங்கும் முறையில் ஊசியும் இல்லை, டிரில்லும் இல்லை. சொத்தையை அகற்றாமலேயே உறையை மேலே பொருத்தி மூடிவிடுகிறார்கள். பல் நிறமே வேண்டும் என்பவர்களுக்கு ஜிர்கோனியா உறைகள் உண்டு. அவற்றைப் பொருத்தப் பல்லை அதிகம் சீவ வேண்டியிருக்கும். இன்னும் சிறிய குழந்தைக்குச் சொத்தையை இருக்கும் இடத்திலேயே நிறுத்திவைக்க வெள்ளி கலந்த ஃப்ளூரைடு திரவத்தைத் தடவலாம். சொத்தை கரியாகக் கறுத்துவிடும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும்.

பிள்ளை நடு இரவில் பல் வலியால் தானாக எழுந்து அழுதால், அல்லது ஈறில் கொப்பளம் தெரிந்தால், ஃபில்லிங்குக்கான கட்டம் தாண்டிவிட்டது. சொத்தை பற்கூழை எட்டியிருக்கிறது. கெட்ட பற்கூழை ஓரளவோ முழுவதுமோ அகற்றும் சிகிச்சை செய்து உறை போட வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால் பல்லை எடுத்துவிட்டு, இடத்தைக் காக்கும் கம்பி வைக்க வேண்டியிருக்கும். அந்தப் பல்லை வெறுமனே மேலே அடைத்து அனுப்பினால் உள்ளே சீழ் கட்டும்.

அடைத்து வீடு திரும்பிய பிறகு முதல் இரண்டு மூன்று மணி நேரம் பிள்ளையின் உதட்டைக் கவனியுங்கள். மரத்துப்போன உதடு பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்; வலி தெரியாததால் மென்று புண்ணாக்கிக்கொள்வார்கள், மறுநாள் காலையில் உதடு வீங்கி நிற்கும். உணர்வு திரும்பும்வரை மெல்லும் உணவு வேண்டாம். கடிக்கும்போது அந்த இடம் மட்டும் உயரமாகத் தட்டுகிறது என்று பிள்ளை சொன்னால் திரும்ப அழைத்துப்போய்ச் சரிசெய்யுங்கள், பழகிவிடும் என்று விட வேண்டாம். ஹார்மோன்களைப் பாதிக்கலாம் என்று அஞ்சப்படும், பிசினிலிருந்து கசியும் பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருளைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. சில வகைகளில் முதல் சில மணி நேரம் மிக நுண்ணிய அளவில் அது எச்சிலில் தென்படுவது உண்மை. ஒளி காட்டி முடித்ததும் மேற்பரப்பைத் துடைத்து வாய் கொப்பளிக்க வைத்தால் அதுவும் வெகுவாகக் குறையும்.

ஃபில்லிங் அடைப்பது குழியை மட்டுமே. அந்தக் குழியை உண்டாக்கிய நோய் வாயிலேயே இருக்கிறது. பிரிட்டனில் சொத்தையுள்ள 1,144 குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, வழக்கம்போல் அடைப்பது, தோண்டாமல் மூடுவது, தடுப்பு முறைகளை மட்டும் செய்வது என்று மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். சுமார் மூன்று ஆண்டுகளில் மூன்று குழுக்களிலும் பத்தில் நான்கு குழந்தைகளுக்கு மேல் ஒரு முறையாவது வலியோ தொற்றோ வந்தது. வழிகளுக்கிடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இதை வைத்து அடைப்பதே வீண் என்று முடிவுகட்டக் கூடாது. எந்த முறையில் அடைத்தாலும் வாயின் அன்றாடப் பழக்கம் மாறாவிட்டால் அடுத்த பல் காத்திருக்கிறது என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃப்ளூரைடுக்குக் குறையாத பற்பசை, மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, அதன்பின் ஆறு வயதுவரை பட்டாணி அளவு, காலையும் படுக்கும் முன்னும். ஏழெட்டு வயதுவரை பிரஷ் பெரியவர் கையில் இருக்கட்டும். இரவு துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். பால் புட்டியை வாயில் வைத்தபடி உறங்க விடுவது எல்லாவற்றிலும் கெடுதல்.

இதற்கிடையில் ஆறு வயதில் முளைக்கும் அந்த முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லைப் பலரும் கவனிப்பதில்லை. எந்தப் பல்லும் விழாமல் வரிசையின் கடைசியில் சத்தமின்றி வருவதால், அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அதன் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும், பிரஷின் நார் அடிவரை போகாது. அந்தப் பள்ளங்களைச் சொத்தை வரும் முன்பே மெல்லிய பிசினால் மூடிவிடலாம். அதே அமில ஜெல், அதே பனி படர்ந்த வெண்மை, அதே நீல ஒளி, எச்சில் படாமல் கழிய வேண்டிய அதே சில நிமிடங்கள். ஊசியும் டிரில்லும் மட்டும் கிடையாது. அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது, வரிசையின் கடைசியில் புதுப்பல் முளைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.